கச்சான் காலத்திலும் தண்ணீர் விடாத வெள்ளரிக்காய் ஸ்ப்ரெட்

வெள்ளரிக்காயில் 95 வீதம் தண்ணீர். தயிரிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். இரண்டையும் சும்மா கலந்து பாணில் பூசி, திருகோணமலையில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் மாதத்துப் பின்னேரம் ஒன்றில் விருந்து மேசையில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பாண் ஊறிப்போகும். தட்டில் வெள்ளைத் தண்ணீர் தேங்கும். பிள்ளைகள் ஒன்றைக் கையில் எடுத்தால் மேல்துண்டு மட்டும் வரும், கீழ்த்துண்டு தட்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்தப் பண்டம் சரிவராமல் போகிற வீடுகளில் பெரும்பாலும் பிழை ஒன்றுதான்: தண்ணீரைக் கலப்பதற்கு முன்னமே வெளியேற்றவில்லை. ருசி, வாசனை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளரிக்காயையும் பாணையும் சேர்த்த பெருமை ஆங்கிலேயரின் தேநீர் மேசைக்கு உரியது. பட்டர் பூசிய பாணுக்கு நடுவே மெல்லிய வெள்ளரித் துண்டுகளை அடுக்குவது அவர்கள் வழக்கம். அதை அரைத்துக் குழைத்துப் பூசும் பதமாக்கியவர்களில் பேர் பெற்றவர் ஜெனி பெனடிக்ட். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் விருந்துச் சமையல் தொழில் நடத்திய பெண்மணி. கிரீம் சீஸில் வெள்ளரிச் சாறும் வெங்காயச் சாறும் ஒரு துளி பச்சை நிறமும் கலந்த அவருடைய ஸ்ப்ரெட்டை இன்றைக்கும் அந்த ஊரில் 'பெனடிக்டின்' என்றே அழைக்கிறார்கள். கிரேக்கர்களோ வடித்த தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டு 'ட்ஸாட்ஸிக்கி' செய்கிறார்கள். நம்முடைய ஊருக்குப் பொருந்துவது இந்த இரண்டுக்கும் நடுவிலான வழி. ஏனென்றால், கிரீம் சீஸ் விலை கூடிய சாமான், எல்லாக் கடையிலும் கிடைக்கவும் மாட்டாது. எருமைத் தயிரோ கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருக்கிறது.

பாணி விட்டுச் சாப்பிடத்தான் இந்தத் தயிர் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை வடித்துப் பார்க்க வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு 7 முதல் 8 வீதம் வரை இருக்கும். பசுப்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தயிரை வடித்தால் தண்ணீர் போய்க் கொழுப்பும் புரதமும் தங்கிவிடும். ஓர் இரவு வடித்த எருமைத் தயிர் கத்தியால் வழித்துப் பூசும் பதத்துக்கு வந்துவிடும். மயோனைஸ் வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம். முட்டை சேர்க்காத சைவ வீட்டுக்காரரும், ஜெலட்டின் எதில் செய்தது என்று பார்க்கிற முஸ்லிம் வீட்டுக்காரரும் ஒரே தட்டிலிருந்து யோசிக்காமல் எடுக்கலாம். எல்லாரும் கலந்து வாழ்கிற ஊரின் விருந்தில் இது சின்ன விஷயமில்லை.

சட்டியை வாங்கும்போதே பார்க்க வேண்டியவை சில உண்டு. மெல்லச் சரித்தால் தயிர் அசையக் கூடாது. மேலே மஞ்சள் பூத்த ஏடு முழுதாக இருக்க வேண்டும். ஏடு வெடித்து ஓரமெல்லாம் தண்ணீர் நின்றால் அது குலுங்கி வந்த சட்டி, அல்லது நாள் சென்றது. உண்ணலாம், ஆனால் வடிக்கும்போது புளிப்புத் தூக்கும். ஏட்டில் இளஞ்சிவப்போ பச்சையோ புள்ளி தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை எடுக்க வேண்டாம், சட்டியையே விட்டுவிடுங்கள். வீட்டில் கரண்டியால் அள்ளும்போது அடியைச் சுரண்டக் கூடாது. சட்டியின் மண் தூள் கரண்டியோடு வந்தால், பாணில் பூசிய பிறகு பல்லில் நறநறக்கும், அப்போது அதைப் பிரிக்க வழியே இல்லை. அடியில் ஒரு விரல் தயிரை விட்டுவிட்டு, அதை மோருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

60 சின்னத் துண்டுகளுக்கு, அதாவது 20, 25 பேருக்கு, ஒரு லீற்றர் சட்டி ஒன்று போதும். பழைய வேட்டித் துணியைச் சவர்க்கார வாசனை போகக் கொதிநீரில் போட்டெடுத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து அரிதட்டில் விரியுங்கள். அரிதட்டு ஆழமான பாத்திரத்தின் மேல் இருக்கட்டும். தயிரைக் கொட்டித் துணியை மடித்து, மேலே ஒரு சின்னத் தட்டு, அதன் மேல் 400 கிராம் பால்மாப் பைக்கற்று ஒன்றைப் பாரமாக வைத்துப் பிரிட்ஜில் விடுங்கள். வெளியே ஆணியில் கட்டித் தொங்கவிடுவது குளிரான ஊருக்குச் சரி. இங்கே மூன்று மணி நேரத்திலேயே தயிர் புளித்து, ஸ்ப்ரெட் முழுவதும் புளி அடிக்கும். அந்தப் புளிப்பைச் சீனி போட்டு மறைக்கப் பார்த்தால் இன்னும் கெடும்.

நாலு மணி நேரம் கழித்து ஒரு முறை துணியைத் திறந்து, ஓரத்தில் காய்ந்த தயிரைக் கரண்டியால் நடுவுக்கு வழித்துவிட வேண்டும். துணியோடு ஒட்டிய படை இறுகித் தண்ணீரை மறிப்பதால்தான், இரவு முழுக்க வைத்தும் நடுப்பகுதி கூழாகவே இருப்பது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு கீழே வடிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். 400 மில்லிலீற்றர் அளவில் வந்திருந்தால் துணிக்குள் 550 முதல் 600 கிராம் வரை தயிர் இருக்கும், அது சரியான பதம். 300க்குக் குறைவென்றால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். கண்ணால் பார்ப்பதானால், துணியைப் பிரிக்கும்போது தயிர் துணியில் பூசிக்கொள்ளாமல் தோல் உரிந்ததுபோல் கழன்று வர வேண்டும். வடிந்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். ரொட்டிக்கு மா குழைக்க அது மிக நன்று.

இனி வெள்ளரிக்காய். சிலர் கெக்கரிக்காய் என்றுதான் கேட்பார்கள். பெருத்து மஞ்சள் ஏறியது வேண்டாம், அதற்குள் விதையும் வழவழப்பும்தான். நடுத்தரமான இரண்டோ மூன்றோ, 500 முதல் 600 கிராம். தோலைத் தடிப்பாகச் சீவி, நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியால் விதையை வழித்தால் 350 கிராம் அளவில் சதை மிஞ்சும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில்தான் தண்ணீர் மிகத் தளர்வாக இருக்கிறது. அதை விட்டுவைத்தால் எவ்வளவு பிழிந்தும் பயனில்லை.

சீவுவதற்கு முன் ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கத்திலிருந்து ஒரு சிறு துண்டைத் தின்று பாருங்கள். ஒவ்வொன்றிலும். கைப்புக்குக் காரணம் குகுர்பிட்டசின் என்ற பொருள். கொடிக்குத் தண்ணீர் போதாமல் வெயில் வாட்டும் நாட்களில் அது கூடும். கச்சான் வீசுகிற மாதங்களில் கைப்புக் காய் அதிகம் அகப்படுவது இதனால்தான். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடுத்த சதையிலும் அது நிறைந்திருக்கும். ஆகவே காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றரை வெட்டி எறிந்து, தோலைத் தடிப்பாகச் சீவினால் பெரும்பாலும் தப்பலாம். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேய்ப்பது காயின் உள்ளே இருக்கும் கைப்பை இழுத்து எடுக்காது. நுனியை வெட்டியதுதான் உதவுகிறது. நடுச்சதையும் கைத்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள். ஒரு கைப்புக் காய் முழுப் பாத்திரத்தையும் கெடுத்துவிடும்.

கரட் சீவுகிற ஸ்கிரேப்பரின் பெரிய கண்ணில் துருவுங்கள். சின்னக் கண் கூழாக்கிவிடும். பிளெண்டர் அதைவிட மோசம்: பிழியும்போது சதையும் தண்ணீரோடு துணி வழியே போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. துருவலில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புத்தூளைப் பிசறி 30 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். உப்பு வெளியே நின்று உள்ளே இருக்கிற தண்ணீரை இழுக்கும். அந்த இழுப்பு இப்போதே நடந்து முடிய வேண்டும். உப்பைக் கடைசியில் கலவையில் போடுகிறவர்களுக்கும் இதே இழுப்பு நடக்கும், ஆனால் விருந்தாளி வந்த பிறகு, தட்டில். ஒரு மணி நேரத்தைத் தாண்டி வைத்தால் துருவல் நாராகிக் கரிக்கும்.

பிழிவதில்தான் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துணியில் கொட்டி முறுக்கினால் நடுவே ஈரம் நின்றுவிடும். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துத் துணியில் வைத்து முறுக்குங்கள். முதலில் இளம்பச்சைத் தண்ணீர் தாரையாக வரும், பிறகு சொட்டாகும், பிறகு நிற்கும். நின்ற இடத்தில் துணியை விரித்து, துருவலை உதறிப் புரட்டிப் போட்டு மறுபடி முறுக்கினால், நின்றுவிட்டது என்று நினைத்த துணியிலிருந்து இன்னும் ஒரு மேசைக்கரண்டி இறங்கும். அந்த ஒரு கரண்டிதான் பின்னேரம் பாணை நனைக்கிற கரண்டி. 350 கிராம் துருவலிலிருந்து 150 மில்லிலீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வர வேண்டும். கடைசியில் துருவல் கையில் ஒட்டாமல், தேங்காய்ப்பூவைப் போல உதிர வேண்டும். பிறகு டிஷூ தாளில் பத்து நிமிடம் பரப்பி வையுங்கள்.

சேர்க்கும் முறை இது. உப்பிட்ட பட்டர் 75 கிராம். நம் வெயிலில் அதை வெளியே 20 நிமிடம் வைத்தால் போதும், நடுப்பகலில் பத்தே நிமிடம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளத்து உருகியிருக்கக் கூடாது. வடித்த தயிரையும் பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுங்கள். பட்டரை மட்டும் முதலில் வெளிறும் வரை அடித்து, தயிரில் இரண்டு கரண்டி சேர்த்துக் குழைத்து, பிறகு மிச்சத்தை மூன்று தரமாகச் சேர்க்க வேண்டும். தயிர் குளிராகவே விழுந்தால் பட்டர் மணல்போலத் திரியும். அப்படித் திரிந்தால் பயப்பட வேண்டாம், பாத்திரத்தை வெந்நீரின் மேல் அரை நிமிடம் பிடித்துக் குழைத்தால் சேர்ந்துவிடும். எதிர்ப்பக்கமாக, பட்டர் உருகி எண்ணெய் மினுங்கினால் பத்து நிமிடம் பிரிட்ஜ். மின்சார பீட்டர் பட்டரோடு நிற்கட்டும். வடித்த தயிரை வேகமாக அடித்தால் அதன் இறுக்கம் உடைந்து இளகிவிடும், எட்டு மணி நேரம் வடித்ததன் பயன் அரை நிமிடத்தில் போய்விடும். மரக் கரண்டிதான் சரி.

பட்டர் எதற்கு? குளிரில் அது இறுகிக் கலவையைப் பிடித்து நிறுத்துகிறது. 100 கிராமுக்கு மேல் போனால் நாக்கில் படை கட்டி வெள்ளரியின் குளிர்ச்சியே தெரியாமல் போகும். மாஜரினிலும் செய்யலாம், ஆனால் இதில் மறைத்துவிட மசாலா இல்லாததால் மாஜரினின் வாசனை துலங்கித் தெரியும். கிரீம் சீஸ் கிடைத்தவர்கள் பட்டரை விட்டுவிட்டு, 200 கிராம் சீஸுக்கு 300 கிராம் வடித்த தயிர் என்று கலந்தால் இன்னும் வழவழப்பாக வரும்.

துருவலைக் கலந்த பிறகு வாசனைச் சாமான்கள், எல்லாம் சிறு அளவில். நாலு சின்ன வெங்காயத்தைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி மட்டும் போதும். நறுக்கிய வெங்காயத்தைப் போட்டால், முதலில் நன்றாயிருந்தாலும் நாலு மணி நேரத்தில் காரமேறி மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும். உள்ளிக்கும் அதே குணம், பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒரு பல்லைத் தேய்த்துவிட்டால் போதும். புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. விதை நீக்கி மிக நுணுக்கமாக அரிந்த பச்சை மிளகாய் ஒன்று, சிறு பிள்ளைகளுக்கென்றால் வேண்டாம். தேசிக்காய்ப் புளி அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், தயிரில் புளிப்பு உண்டு. தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லத் துருவிப் போட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் வாசனை வந்துவிடும். புதினா பத்து இலை, சுருட்டி ஒரே வெட்டாக அரிந்தது. திரும்பத் திரும்பக் கொத்தினால் கறுக்கும்.

உப்பை இப்போது சுவைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். துருவலிலும் பட்டரிலும் ஏற்கனவே உப்பு இருக்கிறது, பெரும்பாலும் இனி வேண்டியிருக்காது.

நிறம் வெளிறித்தான் இருக்கும். கொத்தமல்லி இலை ஒரு கைப்பிடியைக் கொதிநீரில் பத்துச் செக்கன் அமிழ்த்தி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, இறுகப் பிழிந்து, ஸ்ப்ரெட்டில் இரண்டு கரண்டி எடுத்து அதோடு சேர்த்து அரைத்துக் கலந்தால் இளந்தளிர் நிறம் கிடைக்கும். புளிப்போடு சேர்ந்த பச்சை நாள் செல்ல மங்கும், அன்றைக்கே செய்து அன்றைக்கே பரிமாறுவது நல்லது.

கலவையை மூடி இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்த பிறகு ஒரு சோதனை. டிஷூ தாளில் ஒரு தேக்கரண்டி வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சுற்றி ஈர வளையம் ஒரு நூல் அகலத்துக்கு வந்தால் சரி, பாணில் பூசலாம். ஒரு விரல் அகலத்துக்குப் படர்ந்தால் அது பாணுக்கு ஆகாது. அப்படியே கிண்ணத்தில் வைத்து, கரட் குச்சிகளும் பப்படத் துண்டுகளும் தொட்டுச் சாப்பிடக் கொடுங்கள். கெட்டியாக்கச் சோளமா போடுகிறவர்கள் உண்டு. பச்சை மா வாசம் வரும், வேண்டாம்.

பாண் என்றால் முதல் நாள் சாண்ட்விச் பாண். சூடாக வாங்கிய புதுப் பாண் கத்தி பட்டதும் பிய்யும். இரண்டு துண்டின் உட்பக்கத்திலும் ஓரம் வரை பட்டர் மெல்லப் பூசுங்கள். அந்தக் கொழுப்புத்தான் ஈரத்துக்கு மதில். ஓரத்தில் கால் அங்குலம் விட்டுவிட்டால் ஈரம் அங்கேதான் ஏறும். ஒரு சாண்ட்விச்சுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம். கரையை முதலில் வெட்டாமல், பூசி மூடிய பிறகு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு. கச்சான் காற்று விறாந்தையால் அடிக்கிற நாளில் வெட்டிய பாணின் ஓரம் பத்து நிமிடத்தில் விறைத்துச் சுருளும். மேலே எண்ணெய்த்தாள் ஒன்றும், அதன் மேல் நனைத்துப் பிழிந்த துவாயும் போட்டு வையுங்கள். துவாய் நேரே பாணில் படக் கூடாது. மாரிகாலத்தில் நிலைமை தலைகீழ்: பாண் காயாது, ஆனால் பிஸ்கட்டும் கிரக்கரும் பைக்கற்றைத் திறந்த கையோடு பதம் போய்விடும். கிரக்கரில் வைப்பதானால் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான்.

கிரக்கரைவிட நம்பத் தகுந்தது பாண் கிண்ணம். பாண் துண்டைப் பூரிக்கட்டையால் தட்டையாக்கி, ஆறு சென்ரிமீற்றர் வாயுள்ள கிளாசால் வட்டமாக வெட்டி, இரு பக்கமும் பட்டர் தடவி, கப் கேக் தட்டின் குழிகளில் அமுக்கி, 180 பாகையில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் பொன்னிறக் கிண்ணங்கள் கிடைக்கும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துப்போகும். டப்பாவில் இரண்டு நாள் மொறுமொறுப்புக் குறையாது. ஐசிங் பையால் ஒவ்வொன்றிலும் குவித்த ஒரு தேக்கரண்டி அளவு பிழிந்தால் 60 கிண்ணம் தாராளமாக நிரம்பும். ஐசிங் பையின் நுனி பெரியதாக இருக்கட்டும், சின்ன நுனியில் துருவல் அடைக்கும்.

மேலே அவித்த சிறு இறால் ஒன்றை வைத்தால் கடற்கரை ஊரின் விருந்து என்று சொல்லாமலே விளங்கும். மிளகும் உப்பும் போட்டு அவித்து, டிஷூவில் ஒற்றி ஈரமில்லாமல் வைக்க வேண்டும். ஆனால் தயிரோடு மீன் வகை சேரக்கூடாது என்று பழகிய பெரியவர்கள் பல வீடுகளில் இருப்பார்கள். இறால் வைத்ததைத் தனித் தட்டில், மேசையின் மறு பக்கத்தில் வைப்பதே மரியாதை.

மேசைக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோக வேண்டாம். பகல் வெப்பம் 32 பாகைக்கு மேல் நிற்கும் நாளில் தயிர்ப் பண்டம் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மற்ற நாளில் இரண்டு மணி நேரம். இருபது இருபதாக வெளியே எடுத்து, தட்டு முடிந்த பிறகு புதுத் தட்டு. பழைய தட்டின் மேலேயே புதியதை அடுக்கினால் எது எவ்வளவு நேரம் நின்றது என்பது தெரியாமல் போகும். கிண்ணத்தில் வைப்பதானால் முதல் நாளே அகலமான ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் உறைய வைத்து, அந்தக் கட்டியைப் பேசினில் போட்டு அதன் மேல் கிண்ணத்தை அமர்த்துங்கள். துறைமுகத்துப் பக்கம் மீனுக்கு உடைக்கும் ஐஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது உணவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. ஒரு துளி தெறித்தாலும் போதும். சோடாப் போத்தல்களைக் குளிர வைக்க அதைப் பாவியுங்கள்.

மாலை ஐந்து மணி விருந்தென்றால், முதல் நாள் இரவு தயிர் வடி. காலை பத்துக்கு வெள்ளரிக்காய், பதினொன்றுக்குக் கலவை, ஒரு மணிக்கு டிஷூ சோதனை. மூன்று மணிக்குப் பாண், நாலரைக்குக் கிண்ணம் நிரப்புதல். இடையில் மின்சாரம் நின்றால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மேசைக்கு வந்து மிஞ்சியதைத் திரும்பப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே வராமல் உள்ளேயே இருந்த பங்கு மறுநாளும் நன்றாயிருக்கும், சற்றுத் தண்ணீர் மேலே நிற்கும், அதைச் சரித்து ஊற்றிவிடலாம். காலையில் சூடான தேங்காய்ப்பூ ரொட்டியில், பட்டருக்குப் பதிலாக.